ஹைட்ரோபோனிக்ஸ் செடியை அடியில் தண்ணீர் தேங்கும் தொட்டிக்கு மாற்றும்போது

வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில், சத்துத் தண்ணீரிலேயே வளர்ந்த தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒரு கட்டத்தில் இடம் போதாது. அப்போது அவற்றைத் தாராளமாகத் தொட்டிக்கு மாற்றலாம், ஆனால் முதல் இரண்டு வாரம் அடித் தண்ணீரை நம்பி விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் வளர்ந்த வேரில் வேர்த்தூவிகள் குறைவு. புது வேர் விட்டு கீழே இறங்கும் வரை அடியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் செடி வாடலாம்.

எல்லாச் செடியையும் மாற்ற வேண்டியதில்லை. லெட்டூஸ், கீரை எல்லாம் அறுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதிதாக விதைத்துக்கொள்ளலாம். புதினா, பேசில் இரண்டும் தண்டை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். தக்காளி, மிளகாய், கத்தரிதான் மாற்றுவதற்குத் தகுந்தவை, அதுவும் பூக்கும் முன் மாற்றினால் நல்லது. பூத்துவிட்டால் பூக்களைக் கிள்ளிவிடுங்கள்.

தொட்டிக்கு 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் இரண்டு போதும். ஒன்றுக்குள் ஒன்றை இறக்கி, நடுவே பிவிசி குழாய்த் துண்டுகளை நிறுத்தி ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். உள் பக்கெட்டின் அடியில் காற்றுக்குச் சிறு துளைகளும், நடுவில் ஒரு பெரிய துளையும் வேண்டும். அந்தப் பெரிய துளையில் ஒரு நெட் பாட்டை (சுற்றிலும் ஓட்டையுள்ள சின்ன பிளாஸ்டிக் கூடை) கீழ் பக்கெட்டின் அடியைத் தொடும்படி செருகி, அதில் ஈரக் கோகோ பீட்டை (தேங்காய் நார்த் தூள்) அழுத்தி நிரப்பினால் தண்ணீர் அதன் வழியாக மேலே ஏறும். உள் பக்கெட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே வெளி பக்கெட்டில் ஒரு துளை போட மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் ஒரு பெரிய மழையில் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். தண்ணீர் ஊற்ற ஒரு குழாயை ஓரமாகக் கீழ்வரை இறக்கிவிடுங்கள்.

தோட்டத்து மண் வேண்டாம், இறுகிவிடும். நன்றாகக் கழுவிய கோகோ பீட் பாதிக்கு மேல், மீதி மண்புழு உரமும் பெர்லைட்டும் (கலவை இறுகாமல் இருக்கச் சேர்க்கும் லேசான வெள்ளைத் துகள்). கட்டியாக வரும் கோகோ பீட்டில் உப்பு இருக்கலாம், அதனால் ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிவிடுங்கள். கலவையை நனைத்த பிறகுதான் தொட்டியில் போட வேண்டும்; காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஏறவே ஏறாது.

மாற்றுவதை மாலையில் செய்யுங்கள். வேர் நெட் பாட்டைப் பின்னிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், கத்தரிக்கோலால் நெட் பாட்டை வெட்டி எடுங்கள், அதுவும் முடியாவிட்டால் அப்படியே நட்டுவிடலாம். தானாக உதிரும் களிமண் உருண்டைகளை மட்டும் எடுத்தால் போதும். ராக்வூல் கட்டியில் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு போன்ற கட்டி) முளைத்த செடி என்றால் அந்தக் கட்டி முழுக்கக் கலவைக்குள் புதைய வேண்டும், வெளியே தெரிந்தால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காய்ந்து வேரையும் காயவைக்கும். தக்காளியைத் தண்டோடு ஆழமாக நடலாம், புதைந்த தண்டிலும் வேர் வரும்.

அப்புறம் அந்த முதல் இரண்டு வாரம். அடியில் தண்ணீர் இருக்கட்டும், ஆனால் தினமும் தண்டைச் சுற்றி மேலிருந்தும் கொஞ்சம் ஊற்றுங்கள், இடையிடையே நீங்கள் ஏற்கெனவே கொடுத்த சத்துக் கரைசலைப் பாதியாகக் கரைத்து ஊற்றலாம். விளக்கில் வளர்ந்த இலையை நேராக வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகும். முதலில் நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், அப்படியே ஒரு வாரம் பத்து நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். நட்ட மறுநாள் இலை தொங்கினால் பயப்பட வேண்டாம், புதுத் தளிர் வரத் தொடங்கினால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம், அதன்பின் மேல் தண்ணீரைக் குறைத்துவிடலாம்.

கொசு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஊற்றும் குழாய், வெளியேறும் துளை, இரண்டு பக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு என எல்லாவற்றையும் கொசுவலையால் மூடிக் கட்டுங்கள். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி ஆவியாவதால் உப்பும் மேலேயே படியும், வெள்ளையாகத் தெரிந்தால் மேலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அடியில் சேர்ந்ததைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள்.