வயதான பெண் குதிரை: விற்பதா, வைத்துக்கொள்வதா, குட்டி எடுப்பதா?

திருநெல்வேலிச் சீமையில் மாடு வைத்திருப்பவருக்கு யோசனை சொல்ல ஊரே வரும். குதிரை வைத்திருப்பவரைத் தேடி வருவது இரண்டு பேர்தான். ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்கும் தரகர். இன்னொருவர், "பெட்டைதானே அண்ணாச்சி, ஒரு குட்டி எடுத்துவிடுங்கள்" என்று டீ குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறவர். வண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த எங்கள் குதிரைக்கு இருவருமே வந்தார்கள். மார்வாரி, கத்தியவாரி என்று பெரிய இனப்பெயர் சொல்லிக்கொள்ள அதனிடம் ஒன்றும் கிடையாது; சாதாரண நாட்டுக் குதிரை. அதற்காக நான் பார்த்த கணக்கை வரிசையாக எழுதுகிறேன். கட்டவும் தீனி வைக்கவும் குளம்பு சுத்தம் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வயதைப் பல்லில் பாருங்கள்

எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று போவோம். விற்கிறவர் வாயில் எந்தக் குதிரைக்கும் வயது ஒன்பதைத் தாண்டாது. ஐந்து வயதுக்குள் பால்பற்கள் எல்லாம் விழுந்து முளைத்துவிடும். அதற்குப் பிறகு பல் எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேல்வரிசை முன்பற்கள் ஆறில் இரண்டு கடைசியிலும் நிற்கும் ஓரப் பல்லைப் பாருங்கள். அதன் வெளிப்பக்கத்தில் ஈறிலிருந்து கீழ்நோக்கி ஒரு பழுப்புப் பள்ளம் இறங்கும். சுமார் 10 வயதில் அது ஈறோரம் தலைகாட்டும், 15 வயதில் பல்லின் பாதிவரை வரும், 20 வயதில் முழு நீளத்துக்கும் ஓடும். பிறகு மேலிருந்தே மறையத் தொடங்கும்.

உதட்டைப் பக்கவாட்டில் விலக்கினால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. பச்சைப்புல் தின்ற கறை பள்ளத்தை மறைத்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காலை வெயிலில் பாருங்கள். செல்பேசி டார்ச் வேண்டாம், பல்லின் பளபளப்பில் பள்ளம் தெரியாமல் போய்விடும். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது மேல் கீழ்ப் பற்கள் நேராக நிற்காமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் வயதின் அடையாளம். இரண்டு மூன்று வருடம் முன்பின் ஆகலாம். ஒன்பதா பதினாறா என்பது மட்டும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

படி 2: மெலிவு வேறு, வயது வேறு

விலா எலும்பு தெரிந்தால் உடனே "கிழடாகிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். தீனித் தொட்டியைச் சுற்றிப் பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாக விழுந்து கிடந்தால், கடைவாய்ப் பல் கூர்விட்டுக் கன்னத்தைக் குத்துகிறது என்று அர்த்தம். கால்நடை மருத்துவர் அரம் போட்டுத் தேய்த்துவிட்டால் அதே தீனியில் உடம்பு தேறிவிடும்.

திசையன்விளை, உடன்குடி பக்கம் தேரி மண்ணில், அதாவது செம்மணலில், கட்டுகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். புதிதாகப் போட்ட சாணத்தில், தரையில் படாத மேல்பகுதியை ஒரு கை எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். சற்று நேரத்தில் நார் மேலே நிற்கும். அடியில் செம்மண் விரல் தடிமனுக்குப் படிந்தால் குதிரை புல்லோடு மணலையும் தின்கிறது. வயிற்றுவலிக்கு அதுவே போதும். அடி தெளிவாக இருந்தாலும் குடலில் மணலே இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தீனியைத் தரையில் கொட்டாமல் தொட்டியில் வையுங்கள். சிமெண்ட் தொட்டி எனக்குப் பிடிக்காது. கழுவவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. ரப்பர் தொட்டிதான் நல்லது.

படி 3: நடக்கவிட்டுப் பாருங்கள்

தார்ச்சாலையில் நேராக ஓட்டுங்கள். நொண்டுவது முன்னங்கால் என்றால் அதை ஊன்றும்போது தலை மேலே போகும். லாடம் அடிப்பவரையும் கூடவே நிற்கச் சொல்லுங்கள். நம் கண்ணுக்குப் படாதது அவருக்குப் படும்.

படி 4: வைத்துக்கொண்டால் என்ன செலவு?

முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தையும் தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150 செ.மீ., நீளம் 130 செ.மீ. என்றால் சுமார் 246 கிலோ. எடையில் 2 சதவீதம் காய்ந்த தீவனம் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 5 கிலோ. சோளத்தட்டை நல்லது, வெறும் வைக்கோலில் சத்து இல்லை. கொள்ளை வேகவைத்துக் கொடுங்கள். லாடம், குடற்புழு மருந்து, ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி எல்லாவற்றையும் சேர்த்து மாதக் கணக்கு எழுதுங்கள். அந்தத் தொகை வீட்டுக்குப் பாரமில்லை என்றால் முடிவு பாதி ஆகிவிட்டது. நாங்கள் வைத்துக்கொண்டோம், புல்லுக்கட்டு ஏற்றிய சின்ன வண்டியை இன்றும் இழுக்கிறது.

படி 5: குட்டி எடுப்பது

சினைக்காலம் 11 மாதம். குட்டியை வண்டியில் பூட்ட மூன்று வயதாவது ஆக வேண்டும். ஏறக்குறைய நான்கு வருடம், முதலில் ஒரு வாய்க்கும் பிறகு இரண்டு வாய்க்கும், வருமானமில்லாமல் தீனி போட வேண்டும். அந்தப் பணத்துக்குப் பழக்கிய குதிரையே கிடைக்கும். "தாய் சாதாரணம், தகப்பன் நல்ல பொலிக்குதிரை, குட்டி ஜோராக வரும்" என்று சொல்வார்கள். தாயின் கோணல் காலும் குட்டிக்குப் பாதி வரும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்படியும் ஆசை இருந்தால் முதலில் கர்ப்பப்பையைச் சோதியுங்கள். 15 வயதுக்கு மேல் சினை பிடிப்பது குறையும். அதுவரை ஒரு முறைகூட ஈனாத குதிரை என்றால் இன்னும் கடினம். பின்பக்கம் பிறப்புறுப்பு உள்வாங்கியிருக்கும் கிழக்குதிரைக்குச் சாணமும் காற்றும் உள்ளே போய்ப் புண் வைக்கும். எத்தனை முறை சேர்த்தாலும் சினை நிற்காது. நெல்லையில் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். குதிரை பெரும்பாலும் இரவில்தான் ஈனும். நெல்லையிலிருந்து தள்ளி, ராதாபுரத்துக்குத் தெற்கே இருப்பவர், நடுச்சாமத்தில் யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசி வைக்காமல் இதில் இறங்கக் கூடாது.

படி 6: விற்பது

மேலப்பாளையம் சந்தை ஆடு மாட்டுக்கு. குதிரைக்குப் பேர்போனது ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை. வயதான ஒரு குதிரையை வண்டி வைத்து அவ்வளவு தூரம் கொண்டுபோனால் கிடைக்கும் விலையில் பாதி வாடகைக்குப் போய்விடும். நம் பக்கம் வாங்குபவர் முதலில் பார்ப்பது சுழி, அதாவது உடம்பில் முடி சுழன்றிருக்கும் இடம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் விலை பேசுகிறவருக்கு இருக்கிறது. எனவே உங்கள் குதிரையின் சுழி பற்றி ஒரு பெரியவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். வயதையும் நொண்டலையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாரவண்டிக்குக் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளை ஏற்றி நடத்த நினைக்கும் தோட்டக்காரர் விலை குறைத்துக் கேட்டாலும் அவருக்கே கொடுங்கள்.

பின்சேர்க்கை: "வாங்கிய குதிரை ஏற்கெனவே சினை என்று தெரிகிறது, என்ன செய்வது?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஸ்கேன் செய்து மாதத்தை உறுதிப்படுத்துங்கள். கடைசி மூன்று மாதம் தீனியைக் கூட்டி, ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு ரணஜன்னி ஊசி போடுங்கள். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நச்சுக்கொடி விழ வேண்டும். விழாவிட்டால் கையால் இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். விழுந்ததை உடனே புதைத்துவிடாமல் நாய் தொடாதபடி ஒரு வாளியில் மூடி வையுங்கள். துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லையா என்று அவர் விரித்துப் பார்க்க வேண்டும்.