உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் தாங்கும் வேலி: ராமநாதபுரம் கடற்கரையில் வேலி, கேட் போடுவது எப்படி?

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி என்று நம் கடற்கரை ஓரத்தில் வேலி கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, மணலில் வேலிக்கால் பிடிப்பில்லாமல் சாய்வது. இன்னொன்று, உப்பு ஏறிக் கம்பி துருப்பிடிப்பது. கம்பி வலையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த இரண்டும் தீராது. குழி, தண்ணீர், மூலைக்கால் மூன்றிலும்தான் கவனம் வேண்டும்.

கணக்குப் புரிய, 10 சென்ட் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 66 அடிக்கு 66 அடி, சுற்றளவு 264 அடி. அதில் 12 அடி கேட். மீதி 252 அடிக்கு, தரைக்கு மேல் 5 அடி உயரத்தில் கம்பி வலை வேலி.

படி 1: எல்லை

பட்டாவையும் புலப்படத்தையும் (மனையின் சர்வே வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு அளவைக் கற்களைத் தேடுங்கள். மணல் மேடேறிய இடங்களில் கல் ஒரு அடிக்குக் கீழே புதைந்திருக்கும். கிடைக்காவிட்டால் சர்வேயர் அளந்து காட்டும்வரை கடப்பாரை எடுக்க வேண்டாம். பக்கத்து மனைக்காரரும் அளக்கும்போது கூட இருப்பது நல்லது.

நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டிய பிறகு குறுக்களவு பாருங்கள். 66 அடிச் சதுரத்துக்கு இரண்டு குறுக்கும் 93 அடி 4 அங்குலம் வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூலை சதுரமாக இல்லை. மனையே கோணலாக இருந்தால் புலப்பட அளவுதான் கணக்கு.

கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வரும். அங்கே நிரந்தரச் சுவரோ தூணோ எழுப்பும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கடலுக்குப் போகும் நடைபாதையையும் மீன்வலை காயப்போடும் இடத்தையும் அடைக்காதீர்கள். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் ஊர்ப் பாதையை மறித்த வேலி சண்டையில்தான் முடியும்.

படி 2: மண்ணைத் தோண்டிப் பார்ப்பது

மனையின் மூன்று இடங்களில் 3 அடி ஆழம் தோண்டுங்கள். ஒரே மனையில் இரண்டு வகை மண் இருப்பது இங்கே சாதாரணம்.

குழி தோண்டத் தோண்டச் சரிந்து மூடினால் அது வெறும் மணல். 3 அடிக்குக் குறைந்து கால் நட்டால் நிற்காது. மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, 2, 3 அடியிலேயே தண்ணீர் ஊறினாலோ அது உவர்நிலம். அங்கே கம்பி போட்ட கான்கிரீட் கால் சீக்கிரம் வெடிக்கும். கருங்கல் காலுக்குப் போய்விடுங்கள். ராமேசுவரம் தீவிலும் மண்டபம் பக்கமும் சில இடங்களில் சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும். அப்படி இருந்தால் ஆழம் குறையலாம், ஆனால் உளி வைத்துக் கொத்தும் கூலி ஏறும். உள்ளே தள்ளி முதுகுளத்தூர், கமுதி பக்கத்துக் கரிசல் வேறு கதை: கோடையில் வெடித்து, மழையில் உப்பி, காலையே மேலே தூக்கும். வெடிப்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதற்கும் கீழே போக வேண்டும். குழியின் அடியை அகலமாக்கிக் கான்கிரீட் போட்டால் மண் அதைத் தூக்காது.

படி 3: எந்த மாதம்?

பிப்ரவரி முதல் மே வரை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் தாண்டியும் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், குழி நிலைக்காது. ஆனி, ஆடியில் கச்சான் (மேல்காற்று) அடிக்கும்போது கான்கிரீட் மேற்பரப்பு நொடியில் காய்ந்து வெடிக்கும், மணலும் வந்து அப்பும்.

படி 4: அடைத்த வேலியா, காற்று போகும் வேலியா?

தகர ஷீட் வைத்து அடைத்தால் மறைவாக இருக்கும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ அழுத்தம் வரும். 8 அடி இடைவெளியில் 5 அடி உயர ஷீட் என்றால் ஒவ்வொரு காலையும் 170 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கரை இது. புயல் வராது என்று கணக்குப் போட முடியாது. கம்பி வலையில் காற்று புகுந்து போய்விடும். மறைப்பு வேண்டுமென்றால் வலைக்கு உட்புறம் பனை மட்டையை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். இங்கே பனைக்குப் பஞ்சமில்லை, இற்றுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். பச்சை நிழல்வலை கட்டினால் காற்றும் தள்ளும், பறந்து வரும் மணலும் அதன் அடியில் குவியும். சீமைக்கருவேலத்தை மட்டும் உயிர்வேலி என்று வளர விடாதீர்கள்.

படி 5: பொருள் கணக்கு

மூன்று பக்கங்களில் பக்கத்துக்கு எட்டு இடைவெளி, ஒவ்வொன்றும் 8 அடி 3 அங்குலம். கேட் உள்ள பக்கத்தில் ஒரு புறம் 24 அடி (மூன்று இடைவெளி), மறுபுறம் 30 அடி (நான்கு இடைவெளி). கேட் தூணில் வலையை இழுத்துக் கட்டக் கூடாது. இழுவையில் தூண் சாயும், பிறகு கேட் மூடாது. அதனால் தூணை ஒட்டித் தனியாக ஒரு கடைசிக்கால் வேண்டும்.

- 8 அடிக் கால்: 32 (மூலை 4, கேட் ஓரம் 2, நடுக்கால் 26). உடைசலுக்கு 2 கூடுதல்.
- 7 அடி முட்டுக்கால் (சாய்வாக முட்டுக்கொடுக்கும் கால்): 10 (மூலைக்கு இரண்டு, கேட் ஓரக் கால்களுக்கு ஒவ்வொன்று).
- 5 அடி அகல வலை: 252 அடி. 50 அடிச் சுருள் என்றால் 6.
- மூன்று வரிசை இழுவைக் கம்பி, 8 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு): 25 கிலோ.
- கால்களுக்கு 1:2:4 கலவை: சிமெண்ட் 16 மூட்டை, எம் சாண்ட் 40 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 80 கன அடி.

கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 10 கேஜ் 3.2 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.6 மில்லிமீட்டர்தான். கடற்கரைக்கு 10 கேஜைவிட மெலிந்த கம்பிக்குப் போகாதீர்கள். பிளாஸ்டிக் பூசிய வலை வாங்கினால் பூச்சை உரித்துவிட்டு உள்கம்பியை அளக்கச் சொல்லுங்கள்; பூச்சோடு சேர்த்து 10 கேஜ் என்று விற்பது உண்டு.

கான்கிரீட் கால் வாங்கும் பட்டறையில், அவர்கள் எந்தத் தண்ணீரில் கலக்கிறார்கள் என்று பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு தெரியும் காலை எடுக்காதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, அந்த வெடிப்பிலேயே பிளக்கும்.

படி 6: குழியும் கான்கிரீட்டும்

நடுக்காலுக்கு 12 அங்குல விட்டம், மூலைக்கும் கேட் ஓரத்துக்கும் 15 அங்குலம், எல்லாம் 3 அடி ஆழம். மணல் சரியும் இடத்தில் முந்தின நாள் மாலையே தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். 3 அடிக்கு மூன்றரை அடி தகரத்தை உருட்டிக் குழாயாக்கி, அதை அழுத்திக்கொண்டே உள்மணலை அள்ளினால் குழி சரியாது. காலை நிறுத்தி, கான்கிரீட்டை அரை அடி அரை அடியாகப் போட்டுக் குத்தி, தகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுங்கள்.

கடல் மணல் கூடவே கூடாது, கழுவினாலும் கூடாது. தண்ணீர் நாக்கில் கரித்தால் கலவைக்கு ஆகாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கும், போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைப்பதற்கும் லாரித் தண்ணீர்தான். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதலில் நான்கு மூலைக்கால். அவற்றுக்கிடையே நூல் கட்டிப் பிறகு நடுக்கால்கள். ஒவ்வொன்றையும் தூக்குக்குண்டு வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். கான்கிரீட்டின் தலை தரைக்கு 2 அங்குலம் மேலே, வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். காலடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. முட்டுக்கால் வேலி ஓடும் திசையிலேயே, காலின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் போய் முட்ட வேண்டும். ஏழு நாள் ஈரச்சாக்கு, அதன்பின் இன்னும் ஒரு வாரம் விட்டுத்தான் கம்பி இழுக்க வேண்டும்.

படி 7: வலை

மூன்று இழுவைக் கம்பிகளையும் டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) வைத்து முறுக்கிய பிறகு வலையை விரித்து, ஒரு அடிக்கு ஒரு கட்டு போடுங்கள். கட்டுவதற்கு ஜி.ஐ. கம்பி மட்டும். கட்டடத்துக்குப் பயன்படும் கருப்புக் கட்டுக்கம்பி ஒரு மழைக்காலத்திலேயே இற்றுவிடும். வலையின் அடி மண்ணைத் தொடாமல் 2 அங்குலம் தூக்கி நிற்கட்டும். உப்பு ஈரம் அங்கேதான் முதலில் துத்தநாகப் பூச்சைத் தின்னும். நாய், ஆடு நுழையுமென்றால் அடியில் ஒரு வரிசைக் கல் அடுக்கலாம்.

படி 8: கேட்

மணற்பகுதியில் தள்ளு கேட் வேண்டாம். தண்டவாளத்தில் மணல் நிறைந்து, வாரம் ஒருமுறை சுரண்டிக்கொண்டிருப்பீர்கள். 6 அடியில் இரண்டு கதவாக, உள்ளே திறக்கும் கேட் போதும். தரையிலிருந்து 4 அங்குலம் விடுங்கள். சாலை உயர வாய்ப்பிருந்தால் 6.

தூண் 12 அங்குலச் சதுரம், 4 அடி ஆழத்தில் 3 அடிச் சதுர அடித்தளம். நான்கு 12 மில்லிமீட்டர் கம்பி, 6 அங்குலத்துக்கு ஒரு 8 மில்லிமீட்டர் ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்), சுற்றிலும் 2 அங்குல கவர் பிளாக் (கம்பி கான்கிரீட்டின் ஓரத்துக்கு வராமல் தள்ளி நிறுத்தும் துண்டு). இரண்டு தூண்களையும் தரைக்கடியில் 9 அங்குல பீமால் இணைத்தால் மணலில் ஒன்றை நோக்கி ஒன்று சாயாது. எல்லாம் சேர்த்து 1:1.5:3 கலவையில் சிமெண்ட் 10 மூட்டை. தூண் எழும்பிய பிறகு இடைவெளியை மேலும் கீழும் அளந்துதான் கேட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை: சதுரக் குழாயின் முனைகள் அடைக்கப்பட வேண்டும், அடிக்குழாயில் தண்ணீர் வடியச் சிறு துளை வேண்டும். ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும். கசடைத் தேய்த்து எடுத்து ஜிங்க் பிரைமர் அடித்த பிறகே பெயிண்ட். கீலும் தாழ்ப்பாளும் ஸ்டெயின்லெஸ் என்றால் 316 தரம் கேளுங்கள். 304 கடலோரத்தில் பழுப்பேறும். பூட்டு பித்தளை.

தரைத்தாழ்ப்பாள் இறங்கும் துளைக்கு ஒரு அடி நீளப் பி.வி.சி. குழாயை அடி திறந்தபடி ஜல்லியின் மேல் நிறுத்திக் கான்கிரீட் போடுங்கள். குழாயில் விழும் மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும், தாழ்ப்பாள் கடைசிவரை உட்காரும். கேட்டைத் திறந்து வைக்கும் இடத்திலும் இதேபோல் ஒன்று வேண்டும். காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் கீல் வெல்டிங்தான் விடும்.