கச்சான் காலத்து முட்டும் நாம் விடும் பிழைகளும்

மார்கழி, தைப் பனியில்தான் முட்டு, அதாவது ஆஸ்துமா, வரும் என்று மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் கூடுதலாக ஏறி இறங்குவது கச்சான் என்னும் காய்ந்த தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில். மாரியில் முகில் மூடிக் கிடப்பதால் பகல் பெரிதாகச் சுடாது, இரவும் பெரிதாகக் குளிராது. ஆடியிலோ வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் மத்தியானம் 35 பாகையைத் தொடும். விடியப்புறம் 25 அளவுக்கு இறங்கிவிடும். கடற்கரைப் பக்கம் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறைவு.

நாம் இழுக்கும் காற்றை மூக்குதான் ஈரமாக்கி, உடல் சூட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்து உள்ளே அனுப்புகிறது. மூச்சு வாங்க வாயால் இழுக்கும்போது அந்த வேலை அரைகுறையாகிறது. குளிர்ந்த, காய்ந்த காற்று நேரே பட்டால் முட்டுக்காரரின் மூச்சுக்குழாய் சுருங்கும். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த கையோடு 18 பாகையில் ஓடும் ஏசி அறைக்குள் நுழைவது அதனால்தான் பிழை. சற்று நிழலில் இருந்து இளைப்பாறுங்கள். ஏசியை 26 இல் வையுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய பிழை சுகமானதும் தினமும் இழுக்கும் பம்மை (இன்ஹேலரை) நிறுத்துவது. "பழகிப் போயிரும் புள்ள, விடு" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். நீலப் பம் சுருங்கிய குழாயை அந்த நேரத்துக்கு விரிக்கும், அவ்வளவுதான். தினமும் பாவிக்கச் சொல்லித் தரும் தடுப்பு மருந்து உள்வீக்கத்தை மெல்ல மெல்ல, நாள் கணக்கில் ஆற்றுகிறது. இழுப்பு இல்லாத நாட்களிலும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வைத்தியர் சொல்லாமல் விடக்கூடாது. பாவித்தபின் வாயைக் கொப்பளிக்க மறக்கவேண்டாம்.

அடுத்தது புகை. குளிருக்குப் பயந்து யன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியும் செருகி, கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்தி வைத்தால் பிள்ளை விடிய விடிய இழுப்பது அந்தப் புகையைத்தான். பழியோ பனிக்கு! வலை கட்டுங்கள், யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். அம்பாறை வயல்களில் அறுவடை முடிந்து பின்னேரம் வைக்கோல் கொளுத்தினாலும் இதே தொல்லைதான்: நிலம் குளிர்ந்த இரவில் புகை மேலெழும்பாமல் தாழவே படுத்துக் கிடக்கும்.

சாதாரணத் தடிமன் வைரசால் வருவது. மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசை அதற்கு உதவாது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கற்பூரம் கலந்த தைலம் பூசவேண்டாம். கொதிநீர்ச் சட்டியில் ஆவி பிடிக்கப்போய்ச் சுட்டுக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், விலா உள்ளிழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் விடியும் வரை காத்திருக்காமல் 1990 க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.