வாய்க் கசப்புக்கு நாரத்தை

காய்ச்சல் விட்ட பிறகும் நாக்கில் ருசி தெரியாமல் சோற்றைக் கண்டாலே குமட்டுகிறதா? உப்பில் ஊறிக் காய்ந்த நாரத்தங்காய் ஒரு துண்டை மோர்சாதத்தோடு கடித்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் பிரட்டலுக்கும் பசி எடுக்கவும் எங்கள் வீட்டில் பாட்டி காலத்துக் கைவைத்தியம் இதுதான்.

காயைத் துண்டாக்காமல் சுருள் சுருளாக நறுக்கி, உள்ளே கல்லுப்பை அடைத்து ஜாடியில் போடுங்கள். தினமும் குலுக்கிவிட்டு, தோல் மெத்தென்று ஆனதும் வெயிலில் காயவையுங்கள். பழசாகப் பழசாகக் கறுத்துப்போகும், ருசியும் கூடும்.

இலையை வீணாக்காதீர்கள். நடுநரம்பைக் கிழித்துவிட்டு ஓமம், மிளகாய், புளி, உப்பு, பெருங்காயம் சேர்த்து இடித்தால் வேப்பிலைக்கட்டி. (பேரில்தான் வேப்பிலை!)

ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்த உப்பு ஆகாது. தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.