இசை, ஒலித் துறையில் திறமை இருந்தும் சறுக்கும் இடங்கள்

நல்ல மைக் இருக்கிறது, நல்ல மென்பொருள் இருக்கிறது, செய்த வேலைக்குக் காசும் வருகிறது. இது போதும், நாம் தொழில்முறை ஆள் ஆகிவிட்டோம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. ஒரு பாட்டு பெரும்பாலும் ஒரே கையில் முடிவதில்லை. மெட்டுப் போட்டவர், வாசிப்பவர், பாடுபவர், ஒலிப்பதிவாளர், மிக்ஸிங் செய்பவர் (எல்லா ஒலிகளையும் கலந்து சமன் செய்பவர்), மாஸ்டரிங் செய்பவர் (வெளியீட்டுக்கு முன் இறுதி மெருகு கொடுப்பவர்) என்று கை மாறிக்கொண்டே போகிறது. படத்துக்கான ஒலி என்றால் இன்னும் நாலு பேர் கூடுவார்கள். உங்களிடமிருந்து வேலையை வாங்கிக்கொண்டவர், திரும்பக் கூப்பிட்டு எதையும் கேட்காமல் தன் வேலையைத் தொடங்க முடிகிறதா? என்னைக் கேட்டால் தொழில்முறைக்கு அளவுகோல் இதுதான். சொந்த ஸ்டுடியோவும் பேரும் புகழும் அப்புறம்தான்.

அதனால் பெரும்பாலான கோளாறுகள் கோப்பு கைமாறும் இடத்தில்தான் நடக்கின்றன. சாம்பிள் ரேட்டையே, அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளந்து பதிகிறோம் என்ற எண்ணையே, எடுத்துக்கொள்வோம். குறுந்தகட்டுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், காணொளிக்கும் திரைப்படத்துக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் என்பது வழக்கம். 44.1-இல் பதிந்த கோப்பை, மாற்றாமல் அப்படியே 48 என்று எண்ணி ஓடவிட்டால், 4 நிமிடப் பாட்டு ஏறக்குறைய 20 விநாடி சீக்கிரம் முடிந்துவிடும். சுருதியும் ஒன்றரை செமிடோன் (செமிடோன் என்பது ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) அளவுக்கு ஏறிவிடும். மென்பொருள் தானாகவே மாற்றிக்கொள்ளும் என்று நம்பி இருப்பவர்கள், அது மாற்றாத ஒரு நாளில் மாட்டிக்கொள்வார்கள். வேலை தொடங்கும்போதே "எந்த ரேட், எத்தனை பிட்?" (பிட் என்பது ஒவ்வொரு அளவீட்டின் நுணுக்கம்) என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்கும் உரிய தனித்தனி டிராக்குகளை அனுப்பும் விதம். வயலின் 2-வது நிமிடத்தில்தான் வருகிறது என்பதற்காக அந்தக் கோப்பை அங்கிருந்தே வெட்டி அனுப்புகிறார்கள். வாங்கியவருக்கு அது எங்கே உட்கார வேண்டும் என்று எப்படித் தெரியும்? எல்லா டிராக்கும் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். முன்னால் வெறும் மௌனமாக இருந்தாலும் பரவாயில்லை. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் கடைசி" என்று பெயர் வைப்பதை விட்டுவிட்டு, பாட்டின் பெயர், கருவி, தேதி, எத்தனையாவது பதிப்பு என்று பெயர் வையுங்கள். அதோடு டெம்போ (பாட்டின் வேகம்), சாம்பிள் ரேட் ஆகியவற்றைக் குறித்து ஒரு சின்ன எழுத்துக் கோப்பையும் சேர்த்து வையுங்கள். அனுப்பும் முன் ஒரு வெற்று புராஜெக்டைத் திறந்து, அந்தக் கோப்புகளை அதில் போட்டு முதலிலிருந்து முடிவுவரை கேளுங்கள். பாதியில் அறுந்த டிராக், எஃபெக்ட் இல்லாமல் வந்த குரல் எல்லாம் அப்போதுதான் தெரியவரும். இதற்கு ஆகும் நேரம் பாட்டு ஓடும் நேரம்தான், ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை.

பதிவு மட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் நல்ல பதிவு என்பது டேப் காலத்துப் பழக்கத்தின் மிச்சம். 24 பிட்டில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது. மீட்டரின் மேல் வரம்பு பூஜ்யம், உச்சம் மைனஸ் 10 டெசிபலை ஒட்டி நின்றாலும் ஒன்றும் குறையாது. பூஜ்யத்தைத் தாண்டி அலையின் தலை வெட்டுப்பட்டால், போன ஒலி போனதுதான். பாடகர் ஒத்திகையில் பாடுவதைவிட நிஜ டேக்கில் (பதிவு ஓடும் தடவையில்) உரக்கப் பாடுவார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கருவிகளைவிட மனிதர்களிடம் செய்யும் தவறுகள்தான் அதிகம் வலிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகர் தனியாக நிற்கிறார். ஒரு டேக் முடிகிறது. ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. கண்ட்ரோல் அறையில் மூன்று பேர் ஏதோ பேசிச் சிரிப்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது. அவர்கள் வேறு ஏதோ விஷயத்துக்காகச் சிரித்திருக்கலாம். ஆனால் அவர் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வார், அடுத்த டேக்கில் குரல் சுருங்கிவிடும். டேக் முடிந்த கையோடு பாடகரின் ஹெட்போனில் பேச உதவும் டாக்பேக் பொத்தானை அழுத்தி எதையாவது சொல்லுங்கள். "சரி, நல்லா வந்திருக்கு. சரணத்தில் இரண்டாவது வரியை மட்டும் இன்னொரு தடவை பாடிப் பார்க்கலாமா?" இந்த அளவு போதும். "என்னமோ சரியில்லை, திரும்பப் பாடுங்க" என்பது எந்த உதவியும் செய்யாத வாக்கியம். எது சரியில்லை, சுருதியா, உச்சரிப்பா, தாளமா என்று சொல்லத் தெரியாவிட்டால், டேக்கை நீங்கள் ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்பதற்கு நேரம் எடுத்தால் "ஒரு நிமிஷம், கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றாவது சொல்லிவிடுங்கள். பாடுபவரிடமிருந்து நல்ல குரலை வாங்கும் பொறுப்பில் பாதி பதிவு செய்பவருடையது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சத்தத்தை ஏற்றி வைத்து மிக்ஸ் செய்வது இரண்டு வகையில் கெடுதல். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த அதிர்வெண்கள் மங்கலாகக் கேட்கும், சத்தம் ஏற ஏறப் பருத்துக் கேட்கும். 1933-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வெளியிட்டார்கள். ஸ்பீக்கர் அதிர அதிர மிக்ஸ் செய்த பாட்டு, வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது பேஸே இல்லாமல் ஒலிப்பது இதனால்தான். இன்னொன்று, காது திரும்ப வராத சொத்து. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் நியாஷ் அமைப்பு தரும் வரம்புப்படி 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். மேடை வேலை செய்பவர்கள் இதை ஒரே நிகழ்ச்சியில் பலமுறை தாண்டிவிடுகிறார்கள். காதடைப்பான் போடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே பதறுகிறது. காதில் ரீங்காரம் கேட்டபடி தூங்கப் போகும் இரவுகளை யாரும் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

மேடையில் நடக்கும் தவறுகள் சின்னவை, ஆனால் எல்லார் முன்னாலும் நடப்பவை. நேற்றைய பேட்டரியோடு வயர்லெஸ் மைக்கைக் கொடுப்பது. மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரமான பாண்டம் பவரை, சேனலை மியூட் செய்யாமல் (ஒலியை அடைக்காமல்) போட்டு 'டப்' என்று எல்லார் காதையும் அறைவது. ஆம்ப்ளிபயரைக் கடைசியில் போட்டு முதலில் அணைக்க வேண்டும் என்பதை மறப்பது. காலி அரங்கில் அமைத்த ஒலியை, கூட்டம் நிரம்பிய பிறகும் தொடாமல் விடுவது. மனித உடல்களும் உடைகளும் உச்ச அதிர்வெண்களை உறிஞ்சிக்கொள்ளும், எனவே முதல் பாட்டின்போது காதைத் தீட்டிக்கொண்டு திருத்த வேண்டும்.

இனி காசும் உரிமையும். நட்புக்காகச் செய்கிறோம், எழுத்தில் எதற்கு என்று கூச்சப்பட்டவர்கள்தான் பிற்பாடு நட்பையும் இழக்கிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு வகை உரிமைகள் இருக்கின்றன: மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்புக்கு ஒன்று, அதைப் பதிந்த ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. பணம் கொடுத்தவர் இரண்டும் தனக்கே என்று நினைப்பார், இசையமைத்தவர் தனக்கே என்று நினைப்பார். பதிவு தொடங்கும் முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு, எத்தனை தடவை இலவசமாகத் திருத்தித் தருவீர்கள், புராஜெக்ட் கோப்புகள் யாருடையவை, பெயர்ப் பட்டியலில் யார் யார் வருவார்கள், எந்த எழுத்துக்கூட்டலில் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் போதும். திருத்தங்களின் எண்ணிக்கையை எழுதாமல் விட்டால், மூன்றாவது வாரத்தில் நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள், அவரும் சுளிப்பார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

அந்த ஒப்பந்தத் தாளில் காப்பு நகல்களுக்கும் ஒரு வரி இருக்கட்டும். எந்தப் பதிவுக்கும் 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பில், அதில் 1 வேறு இடத்தில் என்பது துறையில் புழங்கும் கணக்கு. ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் அந்த டிஸ்க் நின்றுபோன அன்று வாடிக்கையாளரையும் இழந்திருக்கிறார்கள். வேலை முடிந்து எத்தனை மாதம் கோப்புகளை வைத்திருப்பீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெடு நெருங்கும்போது ஒரு தடவை நினைவூட்டுங்கள், அவர் வாங்கிக்கொண்டதை உறுதி செய்த பிறகே அழியுங்கள்.