தேங்காயெண்ணெயும் பிஸ்ரல் உறையும்

யாழ்ப்பாணத்தில் தோல் காய்ந்தால் உடனே தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தேடுவோம். செருப்புக்குச் சரி. பிஸ்ரல் உறைக்குக் கூடாது; எண்ணெய் தோலை இளக்கிவிடும்.

போன வருடம் ஒரு காவல்காரத் தம்பி, இடுப்புக் கொக்கியை மாற்றித் தரச்சொல்லித் தன் உறையைக் கொண்டுவந்தார். வாய்ப்பக்கம் வாடின வாழையிலைபோல உள்ளே மடிந்து கிடந்தது. "வியர்வையில தோல் வெடிக்குதெண்டு எண்ணெய் பூசினனான், ஐயா" என்றார். கொக்கியை விட்டேன்; முழு உறையையும் புதிதாகத் தைத்தேன்.

பிஸ்ரலை உள்ளே தள்ளும்போது அந்த மடிப்பு ரிகர், அதாவது சுட இழுக்கும் விசை, இருக்கும் வளையத்துக்குள் நுழையும். நாம் தள்ளத் தள்ள, அது விரல்போல ரிகரை இழுக்கும். வழக்கமான குளொக் பிஸ்ரலில் தனியாகத் திருப்பிப் பூட்டும் விசை கிடையாது. ரிகர் நடுவிலுள்ள சிறு நாக்கையும் தோல் சேர்த்தே அமுக்கிவிடும். சுமார் 2.5 கிலோ இழுவை போதும், தொடையில் வெடி.

மரப்பட்டையில் பதனிட்ட, 3 மில்லிமீற்றருக்குக் குறையாத மாட்டுத்தோல் எடுங்கள். நான் ஆட்களின் பிஸ்ரலை என் கடையில் வாங்கி வைப்பதில்லை. அளவெடுத்துப் பூவரசில் ஓர் அச்சுச் செதுக்குவேன். நனைத்த தோலை அதன்மேல் அமுக்கி நிழலில் காயவிடுங்கள். ரிகர் வளையம் முழுதும் மூடவேண்டும். ஆனால் இறுக்கம் வேண்டுமென்று வளையத்துக்குள் தோலை ஆழமாகக் குழிக்காதீர்கள்.

வாய்தான் முக்கியம். இன்னொரு தோல்பட்டி வைத்து இரட்டைத் தையல் போடுங்கள். பிஸ்ரலை உருவிய பிறகும் வாய் பானைவாய்போலத் திறந்து நிற்கவேண்டும். பிஸ்ரல் விழாமல் பிடிக்கும் மேல்வாரைக் கட்டையாக வெட்டி, வெளிப்பக்கம் சாயும்படி தையுங்கள். நீளமான வார் நுனியும் உள்ளே விழும்.

பிறகு சோதனை. சொந்தக்காரரே மகசினைக் கழற்றி, குண்டறையும் வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, பிஸ்ரலை உறைக்குள் வைக்கவேண்டும். நான் ரிகர் இருக்கும் இடத்தை வெளியிலிருந்து பெருவிரலால் அழுத்துவேன். ரிகர் துளி அசைந்தாலும் அந்த உறை குப்பைக்கு.

வியர்வைக்கு ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிட்டால் போதும். திரும்ப வைக்கும்போது விரல் ரிகருக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். சேட் நுனியை மறுகையால் விலக்கி, குனிந்து பார்த்து, மெதுவாக வையுங்கள். மாரியில் மழைக்கோட்டுக் கயிற்றையும் பாருங்கள்.

போன கிழமை தம்பியின் உறையை மணந்து பார்த்தேன். எண்ணெய் மணம் இல்லை. சேட் நுனிதான் இன்னும் வெளியே தொங்குகிறது.