ஏ-ஃபிப் கோடில் நாம் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளுக்கு (மருத்துவப் பதிவுகளுக்கு) ஐ.சி.டி-10-சி.எம் நோய்க் கோட் போடுகிற நமக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ-ஃபிப், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) கண்ணில் படாத நாளே கிடையாது. தினமும் பார்ப்பதாலேயே கை தானாக ஐ48.91-க்குப் போய்விடுகிறது. கோட் புத்தகத்தின் இண்டெக்ஸில் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அதுதான். ஆனால் அது 'வகை சொல்லப்படவில்லை' என்பதற்கான கோட், சார்ட் முழுக்கத் தேடியும் வகை கிடைக்காவிட்டால் மட்டும் போட வேண்டியது. அட்மிஷன் குறிப்பில் வெறும் ஏ-ஃபிப் என்று இருக்கும், மூன்றாம் நாள் கார்டியாலஜி கன்சல்ட்டில் 'பெர்சிஸ்டென்ட்' என்று ஒரே ஒரு சொல் ஒளிந்திருக்கும். இன்பேஷன்ட்டில் (மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு) அந்த ஒரு சொல்லால் டி.ஆர்.ஜி-யே (மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையை முடிவு செய்யும் பிரிவு) மாறலாம், ஏனென்றால் பெர்சிஸ்டென்ட்டும் பெர்மனென்ட்டும் சி.சி. (சிகிச்சைச் சுமையைக் கூட்டும் துணை நோய்) கணக்கில் வரும், பாராக்ஸிஸ்மலும் ஐ48.91-உம் வராது.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசம்: வகையை நாமே முடிவு செய்வது. 7 நாளுக்குள் அடங்கினால் பாராக்ஸிஸ்மல், அதைத் தாண்டினால் பெர்சிஸ்டென்ட், 12 மாதத்துக்கு மேல் விடாமல் இருந்தால் லாங்ஸ்டாண்டிங் பெர்சிஸ்டென்ட் என்று படித்திருக்கிறோம், சரி. அதற்காக முந்தைய விசிட் தேதியிலிருந்து மாதத்தை எண்ணி ஐ48.11 போட்டுவிடக் கூடாது. பெர்மனென்ட் (ஐ48.21) விஷயத்தில் கணக்கு உதவவே உதவாது, இனி இதயத் துடிப்பைச் சீராக்க முயல வேண்டாம் என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நம் படிப்பு க்வெரி (மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புவதற்கு, தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல.

2019 அக்டோபர் 1-இல் ஐ48.1-உம் (பெர்சிஸ்டென்ட்) ஐ48.2-உம் (க்ரானிக்) உட்கோடுகளாகப் பிரிக்கப்பட்டன. அதிலிருந்து ஒரு குழப்பம் இன்னும் ஓடுகிறது: 'க்ரானிக் பெர்சிஸ்டென்ட்' என்று எழுதியிருந்தால் க்ரானிக் என்ற சொல்லைப் பார்த்து ஐ48.20-க்கு (வகை சொல்லாத க்ரானிக்) போகாதீர்கள். அது ஐ48.19 (மற்ற பெர்சிஸ்டென்ட்). ஐ48.20-க்குக் கீழே இருக்கும் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பே (இந்தக் கோடில் சேராதவற்றின் பட்டியல்) அதைச் சொல்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த தவறு ஒன்று இன்னும் மறக்கவில்லை. படபடப்பு என்று எமர்ஜென்சிக்கு வந்து, பார்த்து அனுப்பப்பட்ட ஓர் அம்மாவின் சார்ட். ஈ.சி.ஜி தாளின் மேல் ஓரத்தில் மெஷின் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று அச்சடித்திருந்தது, பக்கத்திலேயே 'அன்கன்ஃபர்ம்ட்' என்றும் இருந்தது. மருத்துவர் எழுதியது 'பாசிபிள் ஏ-ஃபிப், ஹோல்டர் பார்க்கவும்' (ஹோல்டர் என்பது உடலில் மாட்டி இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி). நான் ஐ48.91 போட்டேன், ஆடிட்டில் திரும்பி வந்தது. அவுட்பேஷன்ட்டில் பாசிபிள், ப்ராபபிள், ரூல் அவுட் எதற்கும் நோயின் கோட் கிடையாது, அறிகுறிக்குத்தான் கோட். அங்கே படபடப்புக்கான ஆர்00.2 தான் சரி. (இன்பேஷன்ட்டில் டிஸ்சார்ஜ் வரைக்கும் ப்ராபபிள் என்றே இருந்தால் நோய் இருப்பதாகவே போடலாம், விதி அங்கே வேறு.) எனக்கு அது ஒரு எர்ரர் பாயிண்ட், அவ்வளவுதான். ஆனால் இல்லாத இதய நோய் ஒன்று அந்த அம்மாவின் ரெக்கார்டில் ஏறியிருக்கும், அடுத்து பார்க்கிற மருத்துவர் அதை நம்பியிருப்பார்.

'ஹிஸ்டரி ஆஃப் ஏ-ஃபிப்' என்ற வரியிலும் நின்று நிதானியுங்கள். மருத்துவர்கள் இப்போது இருக்கும் நோயையும் பழக்கத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். மருந்தால் கட்டுக்குள் இருக்கிறது என்று சார்ட் சொன்னால் நோய் இன்னும் இருக்கிறது, ஐ48 தான். அப்லேஷன் (கோளாறான துடிப்பைக் கிளப்பும் இதயத் திசுவை அழிக்கும் சிகிச்சை) முடிந்து, மருந்தும் நிறுத்தி, இனி இல்லை என்று எழுதியிருந்தால், முன்பு இருந்த நோய் என்பதற்கான இசட்86.79. மருந்துப் பட்டியலில் அபிக்ஸபான் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) இருக்கிறதே என்று மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, காலில் ரத்தம் உறைந்தவருக்கும் அதே மாத்திரைதான்.

அப்புறம், எஸ்.வி.டி-க்கு (இதயத்தின் மேல்பகுதியில் கிளம்பும் வேகத் துடிப்பு) இன்னமும் ஐ47.1 என்று நான்கு எழுத்தோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது இப்போது செல்லாது, ஐ47.10, ஐ47.11, ஐ47.19 என்று பிரிந்துவிட்டது.

க்வெரி எழுதும்போது 'இது பெர்சிஸ்டென்ட் தானே?' என்று கேட்காதீர்கள், அது பதிலை நாமே ஊட்டுவது. ஈ.சி.ஜி தேதிகள், கார்டியோவெர்ஷன் (துடிப்பைச் சீராக்கும் சிகிச்சை), மருந்துகள் என்று சார்ட்டில் இருப்பதை அப்படியே வைத்து, நான்கு வகைகளோடு 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' என்ற இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.